பிரசவ அறையில் கேட்கக் கூடாத கேள்வி

தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கும் நாற்பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்று, 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவிக்கிறது. அகில இந்திய அளவில் இந்த எண் 38தான். அதே ஆய்வின்படி, நம் மாநிலத்தில் கணவன் அச்சிகிச்சையைச் செய்துகொண்ட குடும்பங்கள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே இருக்கின்றன. காப்பர்-டி வைத்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு ஐவரை எட்டவில்லை. மாத்திரை விழுங்குகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்ற நிலைக்கு நாம் வந்துவிட்டதைச் சாதனையாகக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால், நாம் வந்த வழி ஒன்றே ஒன்றாகவும், அந்த வழியில் நடந்தவர்கள் அநேகமாகப் பெண்கள் மட்டுமேயாகவும் இருப்பதைக் காணும்போது, இதில் 'தேர்வு' என்ற ஒன்று எந்தக் கட்டத்திலாவது நிகழ்ந்ததா என்ற சந்தேகம் எழாமல் இருப்பதற்கில்லை.

ஒரே புடவையை எடுத்து விரித்துப் போட்டுவிட்டு, "பிடித்ததை எடுத்துக்கோங்கம்மா" என்று உபசரிக்கும் ஜவுளிக்கடைக்காரரை நாம் எங்கும் கண்டதில்லை. நம் ஆஸ்பத்திரிகளில் மட்டும் அந்த உபசாரம் ஐம்பது ஆண்டுகளாகத் தடையின்றி நடந்துவருகிறது. எந்தக் கருத்தடை முறை உசிதமானது என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை ஒன்று கிடையாது. வயது, உடல்நிலை, பால் குடிக்கும் குழந்தை இருக்கிறதா இல்லையா, அடுத்த குழந்தை எப்போது வேண்டும், அல்லது இனி வேண்டவே வேண்டாமா என்பவற்றைப் பொறுத்து அது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே பெண்ணுக்கே அவளுடைய இருபத்திரண்டு வயதில் ஒன்றாகவும் முப்பத்தைந்து வயதில் வேறொன்றாகவும் இருக்கும். ஆகையால் அந்த விடையைத் தேடுவதற்குப் போதுமான அவகாசமும், கலந்து பேச இரண்டு பேரும் வேண்டும். நாமோ அவகாசமே இல்லாத வேளையாகப் பார்த்து, ஒருத்தியிடம் மட்டும் கேட்கிறோம். பல சமயங்களில் அவளிடம்கூடக் கேட்பதில்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதை அறியச் சிறிது பின்னோக்கிப் போக வேண்டும். கர்ப்பத்தடை பற்றிய விவாதம் சென்னைக்குப் புதிதன்று. 1920களின் இறுதியிலேயே சென்னையில் நியோ-மால்தூசியன் சங்கம் என்ற ஒன்று தோன்றி, ஹைகோர்ட் நீதிபதியாக இருந்த சர் வேப்பா ராமேசம் போன்ற பிரமுகர்கள் அதில் பங்கெடுத்து, ஜனத்தொகைப் பெருக்கத்தையும் தேசத்தின் வறுமையையும் இணைத்துப் பேசிவந்தார்கள். அதே காலத்தில் 'குடி அரசு' பத்திரிகையில் பெரியார் ஈ.வெ.ரா. இவ்விஷயத்தை வேறொரு திசையிலிருந்து அணுகினார். தேசத்தின் பொருளாதாரத்தை முன்னிட்டும், தாயின் தேக ஆரோக்கியத்தை முன்னிட்டும் மற்றவர்கள் கர்ப்பத்தடையை ஆதரிக்க, பெண் விடுதலையடைவதற்கு அது அவசியம் என்பதையே அவர் தம்முடைய காரணமாக முன்வைத்தார். 1935 டிசம்பரில் வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்த, கர்ப்பத்தடைக்காகப் பிரசாரம் செய்துவந்த மார்கரெட் ஸாங்கர் அம்மையார், செயற்கைச் சாதனங்களை அவர் ஏற்கும்படி எவ்வளவோ வாதாடியும், பிரம்மசரியத்தையும் சுயக்கட்டுப்பாட்டையும் விட்டு அவர் நகரவில்லை. தேசத்தின் கணக்கு, தாயின் ஆரோக்கியம், தனிமனித ஒழுக்கம், பெண்ணின் சுதந்திரம் என்று இவ்வாறு நான்கு வாதங்கள் மேடையில் நின்றன. பிற்காலத்தில் சர்க்காரின் திட்டமாக உருவெடுத்தது முதலாவது மட்டுமே. கடைசி வாதம் பேசியவரின் பெயரோடு சிலையாகி நின்றுவிட்டது.

1952-இல் உலகிலேயே முதன்முதலாகக் குடும்பக் கட்டுப்பாட்டை அரசாங்கத் திட்டமாக்கிய தேசம் என்ற பெயரை இந்தியா பெற்றது. ஆரம்பத்தில் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் விரும்பியபடி, 'பாதுகாப்பான நாட்கள்' முறைக்கே முதலிடம் தரப்பட்டது. டில்லியின் லோதி காலனியிலும் மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும், நாட்களைக் கணக்கிட உதவுவதற்காக வெவ்வேறு நிற மணிகள் கோத்த மாலைகளைப் பெண்களிடம் கொடுத்துப் பரீட்சித்தார்கள். பலன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இதற்கிடையில் 1951ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலஸ்வாமி, மூன்று குழந்தைகளுக்கு மேல் பெறுவதைத் தடுத்தாலன்றித் தேசத்துக்குக் கதியில்லை என்ற உறுதியான அபிப்பிராயத்தோடு சென்னை ராஜ்யத்தின் தலைமைச் செயலாளர் பதவிக்கு வந்தார். 1950களின் பிற்பகுதியில், சிகிச்சை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு இங்கே முளைத்தது. இன்றைய நிலையை நினைத்துப் பார்த்தால் நம்ப முடியாத சங்கதி ஒன்று அதில் உண்டு: அந்நாளில் அந்தச் சிகிச்சை மேஜையில் படுத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1971 ஜூலையில், பக்கத்து எர்ணாகுளத்தில் நடந்த பெருமுகாமில் ஒரே மாதத்துக்குள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி செய்துகொண்டார்கள்.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77ஆம் ஆண்டில் தேசமெங்கும் ஏறத்தாழ 80 லட்சம் கருத்தடைச் சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் முக்கால் பங்கு ஆண்களுக்குச் செய்தவை. அவற்றில் எத்தனை மனமொப்பிச் செய்தவை என்பதை வட இந்தியக் கிராமங்கள் 1977 தேர்தலில் சொல்லிவிட்டன. அதற்குப் பின் வந்த சர்க்கார், 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயர்ப்பலகையைக் கழற்றிக் 'குடும்ப நலம்' என்று மாட்டியது. ஆண்களைத் தொட்டால் வாக்கு போகும் என்ற பாடத்தை எல்லாக் கட்சிகளும் கற்றுக்கொண்டன. நிர்ப்பந்தம் தவறு என்ற பாடத்தையும் அவை கற்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பாரம் அப்படியே ஸ்திரீகளின் பக்கம் நகர்ந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில், சில மணி நேரத்துக்குள் ஒரே மருத்துவர் எண்பதுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை செய்ததும், அவர்களில் பதின்மூவர் இறந்ததும், 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் இம்முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் அந்த நகர்வின் விளைவுகளே. தமிழ்நாட்டில் அத்தகைய விபரீதம் நேரவில்லை என்று நாம் ஆறுதலடையலாம். நம்முடைய ஆஸ்பத்திரிகள் சுத்தமானவை, நம் மருத்துவர்கள் கைதேர்ந்தவர்கள். கேட்கும் முறையில்தான் நம் குறை இருக்கிறது.

அதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது பிரசவத்துக்காக வந்தவள் வலியில் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டிருக்கிறாள். கேஸ் ஷீட்டைப் புரட்டியபடியே செவிலி கேட்கிறார்: "ரெண்டாவதா? ஆபரேஷன் பண்ணிடலாமா, காப்பர்-டி போட்டு விடலாமா?" அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் மாமியார், "பண்ணிடுங்க நர்ஸம்மா, இன்னொரு தடவை வந்து படுக்க அவ உடம்பு தாங்காது" என்று முடித்துவிடுகிறார். "நீ என்னம்மா சொல்றே?" என்று செவிலி சம்பிரதாயத்துக்குத் திரும்பிக் கேட்டால், "அத்தை சொன்னா சரிதாங்க" என்ற விடைதான் வரும். வராந்தாவில் நிற்கும் கணவனிடம் ஒரு காகிதம் நீட்டப்படுகிறது. கருத்தடைச் சிகிச்சைக்குக் கணவனின் சம்மதமே தேவையில்லை என்பது அரசாங்க விதி என்றாலும், அவன் கையெழுத்து இல்லாமல் காரியம் நகர்வது அபூர்வம். அவளுடைய கையெழுத்து எந்த வலிக்கும் எந்த வலிக்கும் இடையில் வாங்கப்பட்டது என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. பிரசவமாகிப் பல மாதம் கழித்து, வயிற்றுவலிக்காக எடுத்த ஸ்கேனில்தான் தன் கர்ப்பப்பையில் காப்பர்-டி இருப்பதைத் தெரிந்துகொண்ட பெண்களை நான் அறிவேன்.

இதில் செவிலியைக் குற்றம் சாட்டுவது எளிது, நியாயமன்று. இலக்கு வைத்துக் கணக்குக் காட்டும் முறையை 1996-இல் மத்திய சர்க்கார் கைவிட்டதாக அறிவித்தது, ஆனால் மாதாந்தரக் கூட்டத்தில் "உங்க சென்டர்ல இந்த மாசம் எத்தனை கு.க.?" என்று கேட்கும் மேலதிகாரியின் குரல் கைவிடப்படவில்லை. மேலும், பிரசவமான உடனே செய்வதில் மருத்துவ ரீதியாகப் பிழையும் இல்லை. நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிஷத்துக்குள், அல்லது நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைப்பது ஏற்கப்பட்ட முறை. அறுவைச் சிகிச்சையையும் பிரசவித்த முதல் வாரத்திலேயே செய்துவிடலாம். இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்கு வரும் பஸ் செலவும் கூலி நஷ்டமும் மிஞ்சும். செய்வது அப்போதாக இருக்கலாம். கேட்பது அப்போதாக இருக்கக் கூடாது என்பதே என் கட்சி.

அறுவைச் சிகிச்சை என்பது நிரந்தரம் என்று கருதிச் செய்துகொள்ள வேண்டிய ஒன்று. இதை எழுதிப் படிப்பதற்கும் வாழ்ந்து அறிவதற்கும் உள்ள தூரத்தை 2004 டிசம்பர் 26 காட்டிற்று. சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாகப்பட்டினத்துக் கடற்கரைத் தாய்மாரில் பலர் ஏற்கனவே கருத்தடைச் சிகிச்சை செய்துகொண்டவர்களாக இருந்தார்கள். கட்டிய குழாய்களை மறுபடி இணைக்கும் சிகிச்சையை இலவசமாகச் செய்து தருவதாகத் தமிழக அரசு முன்வந்தது. பலர் வந்து செய்துகொண்டார்கள். எல்லாருக்கும் அது கைகூடவில்லை. அத்தகைய பேரழிவு அடிக்கடி வருவதன்று என்பது மெய்தான். ஆனால் ஒரு குழந்தை நோயில் இறப்பதும், தாம்பத்யம் முறிந்து மறுமணம் நடப்பதும் எந்தத் தெருவிலும் நேரக்கூடியவை. இருபத்தைந்து வயதில் நிரந்தரமான ஒன்றைச் செய்துகொள்ளும் பெண்ணுக்கு முன்னே இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் கருத்தரிக்கும் காலம் கிடக்கிறது.

ஆகவே, எந்தச் சாதனம் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை காலத்துக்கு என்று கேட்க வேண்டும். புதிதாக மணமானவர்கள் ஒன்றிரண்டு வருஷம் தள்ளிப்போட விரும்பினால், அவர்களுக்கு மாத்திரையும் ஆணுறையுமே கைக்கு அடக்கமானவை. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையை எடுத்துப் பார்த்தால் அதில் இருபத்தெட்டு மாத்திரை இருக்கும்; இருபத்தொன்று ஹார்மோன் கொண்டவை, நிறம் வேறாக இருக்கும் கடைசி ஏழும் இரும்புச்சத்து. தவறாமல் விழுங்கினால் ஆயிரம் பெண்களில் வருஷத்துக்கு மூவர்தான் கருத்தரிப்பார்கள். ஆனால் மனிதர்கள் மறப்பவர்களாகையால், நடைமுறையில் அது நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் ஆகிவிடுகிறது. இந்த மாத்திரை யாருக்கு ஆகாது என்பதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்: ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், கண்ணில் மின்னல் தெறித்த பின் வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள், காலிலோ நுரையீரலிலோ எப்போதாவது ரத்தம் உறைந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், ஈரல் கெட்டவர்கள் இதைத் தொடக் கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களிடமும், வலிப்புக்குச் சில வகை மருந்து சாப்பிடுகிறவர்களிடமும் இது வலுவிழந்துபோகும். மருந்துக் கடையில் அட்டையை வாங்குகிற பெண்ணிடம் இவற்றில் ஒன்றையாவது யாராவது விசாரிக்கிறார்களா?

பால் கொடுக்கும் தாயின் விஷயம் இன்னும் நுட்பமானது. "பால் கொடுக்கிற வரைக்கும் தங்காது" என்ற வீட்டு வாக்கில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. குழந்தைக்கு ஆறு மாதம் முடியாதிருக்க வேண்டும். இரவிலும் பகலிலும் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல் இருக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பி வராதிருக்க வேண்டும். இம்மூன்றும் ஒன்றுசேர இருக்கும்வரை அது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு காக்கும். இடையே புட்டிப்பால் நுழைந்த அன்றைக்கே கணக்குக் கெட்டுவிடும். நான்காம் மாதத்தில் வேலைக்குத் திரும்பும் பெண்ணும், பாட்டி ஆசைப்பட்டுக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிவிட்ட வீட்டுப் பெண்ணும், இன்னும் விலக்கு ஆகவில்லையே என்று அலட்சியமாக இருந்து, அடுத்த கர்ப்பத்தோடு வந்து நிற்பது இதனால்தான். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைப் பால் கொடுப்பவள் முதல் ஆறு மாதம் தவிர்ப்பது நல்லது. அவளுக்கென்றே அமைந்ததுபோல் ஒரு மாத்திரை நம் தேசத்திலேயே, லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. 'சஹேலி' என்ற பெயரில் 1990களின் தொடக்கத்தில் கடைக்கு வந்து, இப்போது 'சாயா' என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. வழக்கமான கருத்தடை ஹார்மோன்கள் அதில் இல்லை. விலக்கு சற்றுத் தள்ளிப்போகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெண்கள் பயந்து நிறுத்திவிடுவார்கள். உள்நாட்டு விஞ்ஞானத்தைப் பற்றி இவ்வளவு பெருமை பேசும் தேசத்தில், இந்த மாத்திரையின் பெயரைக்கூடக் கேள்விப்படாத பட்டதாரிப் பெண்களே அதிகம்.

இரண்டு குழந்தைகளுக்கிடையே மூன்று வருஷம் வேண்டும் என்பவர்களுக்கு, காப்பர்-டியைப் போல் சௌகரியமானது வேறில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் வைக்கப்படும் இரு வகையில் ஒன்று ஐந்து வருஷமும் மற்றொன்று பத்து வருஷமும் வேலை செய்யும். எடுத்தவுடன் கருத்தரிக்கும் சக்தி திரும்பிவிடும். 1965-இல் நாடெங்கும் வந்து, ரத்தப்போக்கைப் பற்றிய புகார்களால் செல்வாக்கிழந்த பழைய 'லூப்'பின் நினைவு கிராமத்து மூதாட்டிகளிடம் இன்னும் இருக்கிறது. காப்பர்-டியையும் அவர்கள் லூப் என்றே அழைத்து, அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று மருமகளைப் பயமுறுத்துகிறார்கள். நெஞ்சுக்கு ஏறாது. ஆனால், முதல் சில மாதங்களுக்கு விலக்கின்போது போக்கும் வலியும் கூடும் என்பது மெய். நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்களாயிருக்கையில் இது அற்ப விஷயமன்று. ஏற்கனவே மிகையாகப் போக்கு உள்ளவளுக்கு, தாமிரத்துக்குப் பதில் ஹார்மோன் வைத்த கருவி பொருந்தும். அது போக்கைக் குறைக்கும். தனியார் மருத்துவமனையில் அதற்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்பார்கள் என்பதால், அது இன்றைக்கு வசதியுள்ளவர்களின் சாதனமாக இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி, வீட்டில் யாருக்கும் தெரியாமல் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலையில் உள்ள பெண்ணுக்கு ஒரு வரம். அப்படிப்பட்ட பெண்கள் நாம் எண்ணுவதைவிட அதிகம். ஆனால் கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கச் சராசரியாக ஏழு முதல் பத்து மாதம் ஆகும். அடுத்த வருஷமே குழந்தை வேண்டும் என்பவளுக்கு இதைச் சொல்லாமல் போடுவது துரோகம். நாள் கணக்கு முறை, விலக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கும் பொறுமையுள்ள கணவர்களுக்கும் மட்டுமே. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆணுறை ஒன்றுதான் எச்.ஐ.வி. முதலிய தொற்றுகளையும் சேர்த்துத் தடுப்பது. 1968 முதல் 'நிரோத்' என்ற பெயரில் சல்லிசாகக் கிடைத்தும், செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை.

இந்த ஒளிவுமறைவின் உச்சத்தைக் காண வேண்டுமானால், தமிழ்நாட்டு மருந்துக் கடை ஒன்றில் போய் அவசரக் கருத்தடை மாத்திரையைக் கேட்டுப் பாருங்கள். ஆணுறை கிழிந்தாலோ, பலாத்காரத்துக்கு ஆளானாலோ, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கில் விழுங்க வேண்டிய லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை அது. மருந்துச்சீட்டில்லாமல் விற்கலாம் என்று மத்திய அரசின் விதி இருந்தும், பல ஆண்டுகளாக நம் மாநிலத்துக் கடைகளில் பெரும்பாலானவை அதை வைத்திருப்பதில்லை. "அதெல்லாம் இங்க வர்றதில்லைங்க" என்ற ஒரு வாக்கியத்தோடு, கேட்டவளைத் தலை முதல் கால்வரை ஒரு பார்வை பார்ப்பதும் சேர்ந்து கிடைக்கும். அது கர்ப்பத்தைக் கலைக்கும் மாத்திரை என்ற தவறான எண்ணம் ஒரு காரணம்; அதன் வேலை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதே; ஏற்கனவே தங்கிவிட்ட கர்ப்பத்தை அது ஒன்றும் செய்யாது. மாத்திரையைக் கிடைக்காமல் செய்துவிட்டு, ஆறு வாரம் கழித்து அதே பெண்ணைக் கலைப்புக்காக ஏதோ ஒரு கிளினிக்கின் படியேற வைக்கும் ஒழுக்கம் எந்த வகையைச் சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

குழந்தை இனிப் போதும் என்று தம்பதிகள் நிச்சயித்துவிட்ட பிறகு வரும் கட்டத்தைப் பற்றி எனக்குச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்களுக்கான இன்றைய சிகிச்சை, சீனத்து மருத்துவர் லீ ஷுன்சியாங் 1974-இல் வகுத்த முறையைத் தழுவியது. கத்தி வைத்துக் கீறுவதில்லை. அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, ஒரு சிறு துளையின் வழியே விந்துக்குழாயை எடுத்துக் கட்டிவிடுகிறார்கள். அரைமணி நேரத்துக்குள் முடிந்து, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்க வேண்டும். மயக்க மருந்து வேண்டும். உள்ளுறுப்புகளில் காயம் படும் அபாயம் சிறிதேனும் உண்டு. தோல்வி விகிதமும் ஆண்களின் சிகிச்சையிலேதான் குறைவு. எல்லா அளவுகோலாலும் எளிதான ஒன்றைக் கணவனுக்கு வேண்டாமென்று விட்டுவிட்டு, கடினமான ஒன்றை, இரண்டு முறை பிரசவித்த உடம்புக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

ஆண்கள் ஏன் செய்துகொள்வதில்லை என்று கேட்டால், "பலம் போய்விடும், கஷ்டமான வேலை செய்ய முடியாது" என்பது வழக்கமான பதில். மனைவியே கைகூப்பி, "அவர் சம்பாதிக்கிறவர், அவருக்கு வேண்டாம் டாக்டரம்மா" என்று சொல்வதும் உண்டு. விரைகளில் சுரக்கும் ஆண் ஹார்மோன் நேரே ரத்தத்தில் கலப்பது. கட்டப்பட்ட குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆண்மை, மீசை, குரல், மூட்டை தூக்கும் தெம்பு எல்லாம் முன்போலவே இருக்கும். விந்துத் திரவமும் வரும். உயிரணு மட்டும் அதில் இராது. ஒரே ஒரு எச்சரிக்கை: சிகிச்சை முடிந்த அன்றே பலன் தொடங்குவதில்லை. மூன்று மாதம்வரை வேறொரு முறையைச் சேர்த்துக் கையாண்டு, பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதிப்பட்ட பின்பே கவலையற்றிருக்கலாம். இதைச் சொல்லத் தவறிய இடங்களில், இரண்டாம் மாதத்தில் கருத்தரித்த மனைவியின்மேல் சந்தேகம் விழுந்து குடும்பங்கள் குலைந்ததும் உண்டு. சம்பாத்தியக் கணக்கைப் பொறுத்தமட்டில், காலை நான்கு மணிக்கு எழுந்து நூறுநாள் வேலைக்கும் போய் வந்து அடுப்பு மூட்டுகிறவளின் தெம்பு எந்தக் கணக்கில் வருகிறது என்பதை அந்தக் கணவன்மார்களே சொல்லட்டும்.

இப்போது காற்று வேறு பக்கம் வீசத் தொடங்கியிருக்கிறது. பாராளுமன்றத் தொகுதிகளை மறுவரையறை செய்யும் பேச்சு எழுந்தபின், ஜனத்தொகையைக் கட்டுப்படுத்திய தென்னாடு அதற்காகவே இடங்களை இழக்குமோ என்ற நியாயமான கவலையும் எழுந்திருக்கிறது. அந்தக் கவலையோடு கூடவே, கல்யாண மேடைகளில் நின்று புதுமணத் தம்பதிகளைச் சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்லும் தலைவர்களின் குரலும் கேட்கிறது. தொகுதிப் பங்கீட்டில் நமக்கு அநீதி நேர்ந்தால், டில்லியோடு வழக்காட வேண்டியது அரசியல்வாதிகளின் கடமை. அதற்குப் பரிகாரமாக ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை நீட்டுவது, நேற்றுவரை 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் தீட்டி அதைச் சுருக்கச் சொன்னதைப் போன்றதே. தேசத்தின் கணக்குக்காகக் குறைத்தவர்கள், தேசத்தின் கணக்குக்காகவே கூட்டவும் சொல்கிறார்கள். கணக்குப் பிள்ளைகள் இப்படி மாறி மாறி உத்தரவிடக்கூடும் என்பதை, பெரியார் தம் காரணத்தை மற்றவர்களுடைய காரணங்களிலிருந்து பிரித்து வைத்தபோதே அறிந்திருந்தார் போலும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையல்ல. கர்ப்பிணியின் பெயரைப் பதிவு செய்து, மாதந்தோறும் எடை பார்த்து, தடுப்பூசி போட்டு, கிராம சுகாதார செவிலியர் அவளைப் பிரசவம்வரை தொடர்கிறார். உலகம் மெச்சும் ஏற்பாடு அது. ஏழாம் மாதத்தில் அவள் வரும் நாளில் கணவனையும் அழைத்து உட்காரவைத்து, மாமியாரைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லி, மேஜைமேல் எல்லாச் சாதனங்களையும் பரப்பிக் காட்டி, ஒவ்வொன்றின் குணத்தையும் தோஷத்தையும் சொல்லி, வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு அடுத்த மாதம் வந்து சொல்லுங்கள் என்று அனுப்ப வேண்டும். அவள் முடிவைச் சொன்ன பின் அதை அவளுடைய அட்டையில் எழுதிவிட்டால், வலியோடு வருகிற இரவில் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அவள் மனம் மாறியிருந்தால் அவளே சொல்லுவாள். மாதாந்தரக் கூட்டத்தில் எத்தனை ஆபரேஷன் என்று கேட்பதற்குப் பதிலாக, எத்தனை தம்பதிகளிடம் பேசினீர்கள் என்று மேலதிகாரி கேட்பாரானால் செவிலியின் பாரமும் குறையும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காப்பர்-டி தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எடுத்துவிடுங்கள் என்று வரும் பெண்ணை, "கொஞ்ச நாள்ல சரியாயிடும்", "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா", "வேற எதாவது போட்டுக்கிறதுன்னாதான் எடுப்போம்" என்று மூன்று தடவை திருப்பி அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வைப்பதற்கு வருஷத்தில் எந்த நாளும் நல்ல நாளாக இருக்கையில், எடுப்பதற்கும் அவள் கேட்ட அந்த நாளே, வேறெவருடைய கையெழுத்தும் இன்றி, நல்ல நாளாக இருக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.